சியால் என்று நான் சொன்ன மோட்டார்

மணியம் அண்ணனின் மோட்டார் சைக்கிள் சியால் பிடித்தது என்று முதலில் சொன்னவன் நான்தான். வேறு யாரும் இல்லை... நான்தான்!

சொன்னது பொய். நான்கு வருடங்களாக எங்கள் ஊர் மெர்போக்கில் இது யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'அடப்பாவி' என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள்! ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சியால் என்பது மலாய்ச் சொல். பீடை, தரித்திரம், கெட்ட ராசி எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான். டயர் பஞ்சரானாலும் சியால், சீட்டாட்டத்தில் தோற்றாலும் சியால். அதனால்தான் என் வாயிலும் அவ்வளவு சுலபமாக வந்தது.

மணியம் அண்ணன் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தவர். ஐம்பத்து மூன்று வயது. ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அவருடைய குரூசர் மோட்டார் அப்போது வாசலில் உறை போட்டுக் கிடந்தது. அடைமழைக் காலம், மூன்று வாரமாக அவர் அதைத் தொடவே இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்த மோட்டாரைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் வழி செய்தார்கள். ஆக, சாவுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்!

அவர் மனைவி சாந்தா அக்கா கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். புடவை மடிப்பு வைக்க, சடைக்குப் பூ தைக்க, மெர்போக்கிலிருந்து பாலிங் வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். கணவர் போன பிறகு அவர் கை மணப்பெண் மேல் படலாமா என்று எவராவது வாயைத் திறப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் திறக்கவில்லை! மூன்றாம் மாதமே பெண்ணைப் பெற்றவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். நம் ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று மார்தட்டிக்கொண்டவனும் நான்தான்.

அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இத கண்டவங்க கையில குடுக்க மனசு வரல. அவரு மாதிரி தொடச்சி வெச்சிக்கிற ஆளு நீங்கதான். எடுத்துக்குங்களேன்."

"ஒரு மாசம் டைம் குடுங்கக்கா."

"ரெண்டு மாசமே எடுத்துக்குங்க. ஒங்க பேர சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

ஒரு மாதம் எதற்கு? சொல்கிறேன். நாற்பத்திரண்டு வயதில், கிண்டல் செய்தவர்கள் முன்னால், பெரிய மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தவன் நான். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில், காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ரப்பர் தோட்டத்துச் சாலையில் நிதானமாகப் போக வேண்டும்... அப்படி ஓர் ஆசை! அதற்குப் பழையதா, புதியதா?

பழைய வண்டி வாங்குகிறவன் எதற்கெல்லாம் பயப்படுவான்? அடிபட்ட வண்டியா, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா, முன் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, என்ஜினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்களா... தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குறை? ம்ஹூம்! பத்து வருட வண்டியின் செயினில் எண்ணெய் காயவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு தேதி விட்டுப்போகவில்லை. குறை ஏதாவது இருந்திருந்தால் நான் அந்தப் பொய்யைத் தேடிப் போயிருக்க வேண்டியதே இல்லை.

புதியது சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் நின்றது. கறுப்பு. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. விலை பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும், அதில் முதலில் உட்காரப் போகிறவன் நான்... அந்தத் திமிர் இருக்கிறதே! திங்கட்கிழமை பழையதுதான் என்று முடிவெடுப்பேன். வியாழக்கிழமை வேலை முடிந்து சுங்கை பட்டாணிக் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பேன்.

என் மனைவி கலாவுக்குக் குழப்பமே இல்லை. "புதுசு எதுக்குங்க? அக்கா வண்டிக்கு என்னா கொற? கூர ஒழுகுது, மொதல்ல அத பாருங்க."

அப்போதுதான் கரங்கான் ஊரிலிருந்து ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, முத்துவின் ஒட்டுக்கடையில், அந்தத் தெருவோரத் தேநீர்க் கடையில், நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, சாந்தாக்கா வீடு எதுண்ணே? மோட்டார் விக்கிறாங்களாம்லா. புடிச்சிருந்தா இன்னிக்கே எடுத்துறலாம்னு வந்தேன்."

இன்றைக்கே! பந்தியில் இரண்டு இலைக்கு முன்னால் கை வைத்து இடம் பிடிப்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? அது நான். 'எனக்குப் பேசி வைத்திருக்கிறது தம்பி' என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதானே! ஆனால் அப்படிச் சொன்னால் கடையில் இருப்பவர்கள் கேட்பார்கள், கலாவின் காதுக்குப் போகும், பழையதே முடிவாகிவிடும். எனக்கு முடிவு வேண்டாம். இரண்டும் வேண்டும், நான் சலிக்கிறவரைக்கும்.

"கூடப் பொறந்தவன் மாதிரி சொல்றேன், அந்த மோட்டார் வேணாம் தம்பி. சியால் புடிச்ச வண்டி. வாங்கினவரே போய்ச் சேந்துட்டாரு."

பாருங்கள் என் சாமர்த்தியத்தை! கடைசி வாக்கியம் பொய்யில்லை. வாங்கியவர் போய்ச் சேர்ந்தது நிஜம்தானே?

அவன் ஒரு கேள்வி கேட்டானா? எப்படிப் போனார், எங்கே போனார், அப்போது வண்டி எங்கே நின்றது... ஒன்று? "நல்ல வேள சொன்னீங்கண்ணே" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் போனான். முத்து தே ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "அப்படியாண்ணே?" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பத்தே நாள். கலா கோயிலுக்குப் போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"கேட்டீங்களா? அண்ணன் சாகறதுக்கு மொத நாளு அந்த மோட்டார் தானா ஸ்டார்ட் ஆச்சாம்! சாவியே இல்லாம! வேணாங்க, அந்த வண்டி நம்ம வீட்டு வாசலுக்கே வேணாம். புதுசே எடுத்துருங்க."

தானாக ஸ்டார்ட் ஆனதாம்! நான் போட்டது ஒரு சொல். அதற்குச் சாவி, என்ஜின், புகை எல்லாம் இவர்கள் மாட்டிவிட்டார்கள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "நீ சொன்னா சரி" என்றேன். மறுநாளே சுங்கை பட்டாணியில் கையெழுத்துப் போட்டேன். அக்காவிடம் "கலா ஒத்துக்கல அக்கா" என்று பழியை மனைவி மேல் போட்டேன். அதிலும் எனக்குக் கூச்சமில்லை.

முனியாண்டி கோயிலில் புதிய வண்டிக்குப் பூசை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு டயர் நகர்ந்தபோது நாலு பேர் என் தோளைத் தட்டினார்கள். "நல்ல வேள, தப்பிச்சீங்க." தப்பித்தேனாம்! அவரைத் தூக்கிய கைகள்தான் அவை. அந்த மோட்டாரைத் தள்ளி நிறுத்திய அதே கைகள்! கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்ளும் ஜனங்களை என்ன செய்வது? எனக்கு அன்றே எரிச்சல் வந்தது. ஆனால் திருநீற்றைப் பூசிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

பிறகு அந்தச் சொல் மோட்டாரிலிருந்து இறங்கி அக்காவின் கைமேல் ஏறியது.

பாலிங்கில் ஒரு பெண்வீட்டார் பேசியதை மாற்றிக்கொண்டார்கள். அடுத்தது கூலிமில். அதற்கடுத்தது பக்கத்துத் தெருவில். சியால் பிடித்த வண்டி இருக்கிற வீடு, அந்த வீட்டுக் கை, அந்தக் கை கட்டிவிடும் புடவை... ஒரு வருடத்துக்குள் அக்காவைக் கூப்பிட ஆளில்லை. அவர் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள்! கலாவின் அக்கா மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பேசினார்கள் என்றதும் வீடே அதிரக் கத்தினேன்.

"படிச்சவதானே நீ? அவரு செத்தது மாரடைப்புலடி! மோட்டாரு என்னா பண்ணும்?"

"எனக்குத் தெரியாதா? பெரியவங்க ஒரு மாதிரி நெனைக்கிறாங்க, நான் என்னா பண்ண?" என்று அவள் அழுதாள்.

ஒட்டுக்கடைக்குப் போய் அங்கேயும் கத்தினேன். "மூள இருக்கா இல்லயா ஒங்களுக்கெல்லாம்? ஒரு பொம்பள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

முத்து நிதானமாகக் கேட்டான். "அப்ப நீங்க ஏன்ணே அந்த மோட்டார வாங்கல?"

'நான்தான் கதை கட்டிவிட்டேன் முத்து.' நாலே சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது... வந்து திரும்பிப் போய்விட்டது. தேநீர்க் காசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் சொல்லியிருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! என் மேல் காறித் துப்புகிறவர்களில் எத்தனை பேர் 'ஏன், எப்படி' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள்? சரி, சரி... உங்களிடம் கத்தி என்ன பயன்? பொய் சொன்னது நீங்களா? நான்!

போன வருடம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் பழைய இரும்பு வாங்கும் லாரி நின்றது. மோட்டாரின் உறை கிழிந்து தொங்கியது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிவிட்டன. மின்னிக்கொண்டிருந்த புகைக்குழாயில் விரல் வைத்தால் துரு உதிர்ந்தது.

"லாரிக்காரங்க தொட பயப்படறாங்க தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளி விடுறீங்களா?"

தள்ளினேன். கேட் வரைக்கும் அவரும் கூடவே நடந்து வந்தார். அங்கே நின்று சொன்னார்.

"அன்னிக்கு நீங்க இத எடுக்காம போனீங்களே, அந்த முனியாண்டிதான் காப்பாத்துனாரு. ஒங்களுக்கு ஒன்னு ஆயிருந்தா கலா மொகத்துல எப்படி முழிப்பேன்? அவரு சின்ன மோட்டாரே போதும்னுதான் சொன்னாரு தம்பி. 'ஆசப்பட்டீங்களே, வாங்குங்க வாங்குங்க'ன்னு அவர புடுங்கி எடுத்தவ நான்தான். நானே அவர அனுப்பி வெச்சிட்டேன்."

அவரும் நம்பிவிட்டார்! பக்கத்தில் உட்கார்ந்து பசியாறை பரிமாறியவர், நெஞ்சைப் பிடித்தவரைத் தாங்கியவர், ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கையில் வாங்கியவர்... அவரே நம்பிவிட்டார். புருஷனைக் கொன்றது தான்தான் என்று மூன்று வருடமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தச் சுமையை இறக்கி வைக்க. அந்த வாக்கியம் இந்த உலகத்தில் என் ஒருவனிடம்தான் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எல்லாம் விதிக்கா."

விதியாம்! த்தூ... எனக்கு நானே துப்பிக்கொள்ள வேண்டிய சொல். லாரி கிளம்பியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தே போடவா தம்பி?" என்று கேட்டார். குடித்தேன். குடிக்கவும் முடிந்தது எனக்கு!

நான் இன்னும் அந்தக் கறுப்பு வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். தினமும் காலையில் சத்தம் கேட்டதும் அக்கா வீட்டுக் கதவு திறக்கிறது. தொழிற்சாலைச் சட்டையோடு வெளியே வந்து, கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்தில் இருக்கும் பயம் நிஜமான பயம்.

"பாத்து ஓட்டுங்க தம்பி" என்கிறார்.

நான் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன்.