கேம் ஏறாத கெசட்

றேடியோ கடைக்கு எந்தச் சாமானும் பழுதாகி வருவதில்லை, "நேற்றுவரைக்கும் நல்லா இருந்தது" என்றுதான் வரும். கல்முனையில் ஸ்குறூட்ரைவரோடு பிழைத்த நண்பர்களே, இதை உங்களுக்கு நான் சொல்லித்தானா தெரியவேண்டும்?

டீவியில் பூட்டும் பெட்டி

எண்பதுகளின் கடைசி. சவூதியிலிருந்து லீவில் வந்த நஸீர் ஒரு சின்னக் கொம்பியூட்டரை என் மேசையில் வைத்தார். அதை டீவியில் பூட்டி, ரெக்கோடரில் கெசட்டைப் போட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தால் கார் ஓட்டும் கேம் வருமாம். இரண்டு நாளாக வரவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி நஸீர் இருப்பது மனைவி வீட்டில். மாமனார் இஸ்மாயில் ஹாஜியாருக்குச் பக்கத்து ஊரான சவளக்கடையில் வயல். வயலைப் பார்க்காமல் சவூதிக்கு ஓடுகிறான் என்று நாலு பேர் முன்னால் மருமகனை ஏசிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இந்தக் கேம் வந்தபிறகுதான், அதுவும் டீவி முன்னால் மட்டும், இருவரும் வாய் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை நஸீருக்குப் பயணம்.

"காக்கா, கார் ஓடினாத்தான் மாமா என்னோட கதைப்பாரு. எப்பிடியாவது ஓட்டித் தாங்க" என்று என்னை அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினார்.

என் வைத்தியம்

ரெக்கோடரின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பெல்ட் மாற்றினேன். வயரை ஈயம் வைத்து ஒட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம் காத்திருந்தோம், வெறும் திரைதான். தன் றேடியோவுக்காகக் காத்திருந்த மருதமுனை சாரன் துணி வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்குள்ள கரவல இழுத்து, மீனும் வித்திரிக்கலாம் காக்கா!"

வயரைப் பிடுங்கியபோது

கொம்பியூட்டர் வயரைச் செருகினால் ரெக்கோடரின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அதனால் கெசட்டில் இருப்பதை நாங்கள் யாரும் காதால் கேட்கவே இல்லை. மறுநாள் நஸீர் வந்து நின்றபோது, எரிச்சலில் வயரைப் பிடுங்கிவிட்டுக் கெசட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். கேம் கெசட் என்றால் கீச்சென்று கத்தவேண்டும். இதுவோ ஹாஜியாரின் குரலில் சலாம் சொன்னது.

சவூதிக்குக் கடிதத்துக்குப் பதில் கெசட் பேசி அனுப்புவது அப்போது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். "மகன், முகத்தப் பாத்துச் செல்ல ஏலாம இரிக்கி. நான் அண்டைக்கி ஏசினது பிழ. நீ போறது என்ட புள்ளைக்காகத்தான் எண்டு எனக்கு வெளங்கும்." நஸீர் சட்டையால் கண்ணைத் துடைத்தார். கேம் கெசட் என்று தெரியாமல் மனுசன் அதன்மேல் பேசிவிட்டார் என்று நாங்களே முடிவுகட்டினோம்.

"கேட்டதாச் செல்லிராதீங்க காக்கா, மாமா வெக்கப்படுவாரு. பழுதெண்டே செல்லுங்க. நான் அங்க போய்க் கேட்டதா இரிக்கட்டும்."

ஹாஜியார் வந்தார்

அடுத்த நாள் ஹாஜியாரே கடைக்கு வந்து, கெசட் என்ன மாதிரி என்று கேட்டார். பழுது என்றேன்.

"கேட்டுப் பாக்காமயா தம்பி பழுதெண்டு செல்றாய்? அவன் ஏதும் செல்லுவான் எண்டு நாலு நாளா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இரிக்கன்!"

என் பொய்யின் ஆயுள் அவ்வளவுதான். கேட்டதையும் நஸீர் அழுததையும் சொல்லிவிட்டேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். கண் சிவந்திருந்தது. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அப்ப மற்றப் பக்கத்தப் போட்டு ஓட்டச் செல்லு. அதுலயும் அந்தக் கேம்தான் இரிக்கி, நான் கை வெக்கல்ல."

பன்னிரண்டு வருஷம் கெசட்டோடு மாரடித்த எனக்கு, அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஒரு வயல்காரர் வந்து சொல்லவேண்டியிருந்தது.