செம்போத்து கொண்டு வந்தது

பிள்ளைகளே, உங்கள் அம்மா விஷக் காய்ச்சலில் கிடந்தபோது உங்களை மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. பொன்மலைப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒரு வழி சொன்னார்.

“செம்போத்துக் குஞ்சோட கால்ல இரும்புக் கம்பியைக் கட்டிடுங்க. தாய்ப்பறவை சஞ்சீவி வேரைக் கொண்டாந்து கம்பியை அறுத்துடும். அந்த வேரை எடுத்துக் குடுங்க, காய்ச்சல் ஓடிடும்.”

சிரிக்காதீர்கள், நான் நம்பினேன். பட்டறைக் கம்பித் துண்டால், வாய்க்கால் கரை மூங்கில் புதரில் இருந்த ஒரு குஞ்சைக் கட்டினேன். வேலை விட்டதும் களைப்போடு அங்கே போய்க் காத்துக் கிடந்தேன்.

இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். “இத்தனை நேரம் எங்கங்க போனீங்க?” என்றாள் அம்மா.

“உனக்கு மருந்து தேடித்தான்.”

“நல்லா தேடினீங்க போங்க! நாக்கு வறண்டு கிடக்கேன், ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளில்லை.”

மறுநாளும் போனேன். செம்போத்து வந்தது. அலகில் வேர் இல்லை, வெட்டுக்கிளிதான் இருந்தது. கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குஞ்சுக்கு அதை ஊட்டிவிட்டு, அடுத்த இரை தேடிப் பறந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

குறடால் கம்பியை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அயர்ந்து தூங்கினாள். புகையில் கண் எரிய அடுப்பை ஊதி, முதல்முறையாக நானே கஞ்சி வைத்தேன்.