காலனித் தெருவில் ஓர் அஞ்சலகம்

கிராமத்து அஞ்சலகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அவை எந்த ஆண்டில் திறக்கப்பட்டன என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். கடிதம் வாங்க வந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து நான் தொடங்குவேன். காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன். இந்த உரிமையை யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

தாமல் ஏரியைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே என் அப்பா ஒரு புங்க மரத்தடியில் நின்றார். கிளை அஞ்சலகத்துக்கென்று துறை கட்டடம் கட்டித் தருவதில்லை. அதை நடத்த நியமிக்கப்படுகிறவரே ஊருக்குள் ஓர் அறையைக் காட்ட வேண்டும். அதனால் இரண்டு தலைமுறைக் காலம் எங்கள் ஊர் அஞ்சலகம் பெரிய தெருவில் ஒரே வீட்டின் முன்னறையில் இருந்தது. காலனிக்காரர்களாகிய நாங்கள் அந்தப் படியில் ஏறக் கூடாது. மரத்தடியில் நின்று குரல் கொடுத்தால், அஞ்சலட்டையை உள்ளிருந்தே உரக்கப் படித்துவிட்டு வெளியே வீசுவார்கள். என் அக்காவின் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோன செய்தியை, அப்பாவுக்கு முன்னால் பெரிய தெரு தெரிந்துகொண்டது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முதலாவதாக வந்து என் மனைவி அந்த அஞ்சலகத்தை நடத்தும் பதவியைப் பெற்றாள். அஞ்சலகம் காலனித் தெருவுக்கு, எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது. முதல் பத்து நாள் பெரிய தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஓர் உறை வாங்கவும் தாமலுக்குப் பஸ் ஏறினார்கள். பதினோராம் நாள் கும்பாபிஷேகப் பத்திரிகைகள் ஒரு மூட்டை வந்தன. சொந்த ஊரின் முத்திரை குத்திப் போகவேண்டும் என்பது அவர்கள் ஆசை. கோயில் தர்மகர்த்தா தெருமுனையிலேயே நின்றுகொண்டு, மூட்டையைத் தன் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

“இன்னா பெரியவரே, அங்கியே நின்னுக்கினு இருந்தா எப்படி? உள்ள வாங்க. அத்தினிக்கும் ஸ்டாம்பு ஒட்டணும். எனக்குக் கை ரெண்டுதான் இருக்குது.”

“இருக்கட்டும்மா. வெயிலு தாழட்டும், வரேன்.”

“வெயிலு வெளியதாங்க அடிக்குது. உள்ள ஃபேனு ஓடுது.”

அவர் வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பசை தடவினார். தண்ணீர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்க அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

இருபத்தாறு ஆண்டுகள் அவள் அந்த அறையில் உட்கார்ந்தாள். சென்ற கார்த்திகையில் இறந்தாள். குளிப்பாட்டிய பெண்கள் அவளுடைய வலது கட்டைவிரல் ஓரத்தில் ஏறியிருந்த முத்திரை மையைத் தேய்த்துப் பார்த்தார்கள். விடுங்கள் என்றேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

தாமலிலிருந்து ஒருவர் வந்து தற்காலிகமாக வேலையைப் பார்த்துக்கொண்டார். தை மாதத்தில் அஞ்சல் ஆய்வாளர், புதிதாக நியமிக்கப்பட்ட பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். தென்காசிப் பக்கத்துப் பெண். ஊருக்குள் அவள் ஓர் அறையைக் காட்டியாக வேண்டும். பெரிய தெருவில் முன்பு அஞ்சலகம் இருந்த அந்த வீட்டில், அதை நடத்தியவர்களின் பேரன் ஓர் அறையைப் புதுப்பித்துத் தயாராக வைத்திருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் இருந்தாங்க, அதனால இங்க இருந்தது. இப்ப அங்க டைல்ஸ் போட்டு ரூம் குடுக்கறாங்க. எல்லாருக்கும் சவுகரியம்” என்றார் ஆய்வாளர்.

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். நான் அந்தப் பெண்ணிடம் பேசினேன். இந்த அறையை வாடகையில்லாமல் தருகிறேன், முடிவு உன்னுடையது என்றேன். முடிவு எடுப்பதற்கு முன் புங்க மரத்தையும் தெரிந்துகொள் என்று அதையும் சொன்னேன்.

இப்போது அஞ்சலகக் கணக்கெல்லாம் கைபேசியில்தான். அவள் கைபேசியை எடுத்து அறையின் நான்கு மூலைகளிலும் நின்று பார்த்தாள். “சிக்னல் கிடைக்கு ஐயா. இங்கனயே இருக்கட்டும்.”

ஆய்வாளரின் முகம் தெளிந்தது. “நல்லதாப் போச்சு. சிக்னல் காரணமா இங்கியே வெச்சிருக்கறதா எழுதிடறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அப்படி எழுதாதீங்க.”

“ஏன் சார்? உங்களுக்குச் சாதகமாத்தான முடிஞ்சிருக்குது?”

“நாளைக்கு அங்கயும் சிக்னல் நல்லா வரும். அன்னைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?”

“அப்ப காரணம்னு இன்னாதான் எழுதறது?”

“ஒண்ணும் எழுத வேணாம். ரெண்டு தலைமுறை பெரிய தெருவுல இருந்துதே, அதுக்கு எவனாவது காரணம் எழுதினானா?”

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள். ஆய்வாளர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். இடம் என்ற கட்டத்தில் ‘காலனித் தெரு’ என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்திட்டாள்.

“உங்க இஷ்டம்மா” என்று ஆய்வாளரும் கையெழுத்திட்டார்.

இழுப்பறையிலிருந்து என் மனைவியின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மேசையை அந்தப் பெண்ணுக்கு விட்டேன்.