தறியை நிறுத்திட்டு வெச்ச பரிச்சை

சொல்லவே வெக்கமா இருக்கு. கொழந்தைங்களோட கவனத்தை அளக்கறதுதான் என் பொழப்பு. அப்படிப்பட்ட நான், ஒரு கொழந்தை எதிர்ல உக்காந்து தெளிவா ஒரு கேள்வி கேட்டப்ப, அதைக் காதுல வாங்காம 'கவனம் சிதறுது'ன்னு நோட்டுல எழுதிப்போட்டேன்.

சின்ன வயசுல வைரஸால மூளைக்காய்ச்சல் வந்து பொழைச்ச புள்ளைங்க, வளந்தப்புறம் படிப்புல, ஞாபகத்துல எங்க தடுமாறுறாங்கன்னு பாக்கறது எங்க வேலை. கோயமுத்தூர்ல மேடையேறிப் பேசுனா பெரிய ஆராய்ச்சி. நேர்ல பாத்தா, காந்திபுரத்துல பஸ் புடிச்சு, பை நெறய படம் போட்ட அட்டையோட ஊடு ஊடாப் போறதுதான். ஒருக்கா பக்கத்து சீட்டுக்காரர் என்னை இன்சூரன்ஸ் ஏஜெண்டுன்னு முடிவு பண்ணி, எந்திரிச்சு வேற சீட்டுக்கே போயிட்டாரு.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்காரர் ஊடு. நாலு விசைத்தறி, ஊட்டை ஒட்டியே ஷெட்டு. அவங்க பொண்ணுக்கு நாலு வயசுல காய்ச்சல் வந்துச்சு, இப்ப பத்து வயசு. இந்தப் புள்ளையால இங்க படிக்க முடியாது, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துங்க, இங்கயே படிக்க முடியும்னா அதுக்கு ஒரு காயிதம் கொண்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்களாம். அந்தக் காயிதத்தை எழுதவேண்டிய ஆளு நான்.

போனதும் தறியை நிறுத்தச் சொன்னேன். பரிச்சை அமைதியான ரூம்லதான் நடக்கணும்னு எங்க கையேட்டுல மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு. அவரு சம்சாரத்தை ஒரு பார்வை பாத்துட்டு, செரிங்கன்னு நிறுத்திட்டாரு. அப்புறந்தான் வெளிய வெளையாடிட்டு இருந்த புள்ளையைக் கூப்புட்டு உக்கார வெச்சாங்க. இந்த ஊர்ல ஒருத்தர் செரிங்கன்னு சொன்னா அது சம்மதம் இல்லை, மரியாதை. பொறந்ததுல இருந்து இங்கயே கெடக்கற எனக்கு அன்னைக்குப் பாத்து அது மறந்துபோச்சு.

நான் நாலு நம்பர் சொல்லுவேன், புள்ள அதைத் தலைகீழாத் திருப்பிச் சொல்லணும். ரெண்டு சொல்லும், ஷெட்டைத் திரும்பிப் பாக்கும். மறுபடி வாசலைப் பாக்கும். நடுவுல மெதுவா, "யாருங்க செத்துட்டாங்க?"ன்னு கேட்டுச்சு. 'சம்பந்தமில்லாத பேச்சு'ன்னு அதையும் குறிச்சுக்கிட்டேன். மார்க்கு பாதாளத்துக்குப் போயிருச்சு. ஸ்பெஷல் ஸ்கூல்தான்னு மனசுக்குள்ள எழுதியே முடிச்சுட்டேன்.

நல்லவேளை, ஞாபகசக்தி நிபுணரான நான் ஸ்டாப்வாட்சை அங்கயே மறந்துட்டு வந்திருந்தேன். மறுநாள் எடுக்கப் போனேன். நாலு தறியும் ஓடுது, நான் பேசறது எனக்கே கேக்கலை. புள்ள அந்தச் சத்தத்துல குப்புறப் படுத்து கணக்குப் போட்டுட்டு இருக்கு. திடீர்னு, தலையைக்கூடத் தூக்காம, அப்பா, மூணாவது தறின்னு கத்துச்சு. அவரு போய்ப் பாத்தா நூல் அந்துகெடக்கு. எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கலை.

நேத்து ஏன் அப்படித் திரும்பித் திரும்பிப் பாத்துச்சுன்னு அம்மாகாரியைக் கேட்டேன். அவங்களுக்குச் சொல்லவே சங்கடம்.

"பகல்ல கரண்டு இருந்தும் தறி நின்னா அது எளவுக்குத்தானுங்க சார். ஃபேன் சுத்துது, தறி நிக்குது. கொடுமுடில மேலுக்கு முடியாமக் கெடக்கற மாமனுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு பயந்துட்டா. பெரியவங்க நீங்க சொல்றப்ப நாங்க எப்படிங்க வேண்டாம்கறது?"

ஆக, எழவு விழுந்த ஊடுன்னு நெனைச்சுக்கிட்டே ஒரு புள்ள நம்பரைத் திருப்பிச் சொல்லியிருக்கு. ஃபேனைப் பாத்துக் காரணம் கண்டுபுடிச்சது அது. கண்டுபுடிக்காதது ஆராய்ச்சியாளர்.

வேற நம்பர், வேற அட்டை எடுத்துட்டு வந்து, தறி ஓட ஓடவே இன்னொருக்கா வெச்சேன். புள்ள என் வாயைப் பாத்தே புரிஞ்சுக்கிச்சு. அது சொன்னதைக் கேக்க நான்தான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்துச்சு. ஞாபகம் அந்த வயசுக்குச் செரியாத்தான் இருந்துச்சு. காய்ச்சல் ஒண்ணும் சும்மா போயிரலை. எழுதற கை மெதுவு, சில வார்த்தைக்கு ரொம்ப நேரம் தேடுது. அதையும் மறைக்காம எழுதி, இதே பள்ளிக்கூடத்துல படிக்கலாம், பரிச்சைக்குக் கூடுதல் நேரம் குடுங்கன்னு முடிச்சேன்.

காயிதத்தைக் குடுக்கறப்ப, மொத தடவை தப்பு என்னோடதுதான்னு ரொம்பப் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன். அட, பரவால்லைங்கன்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். அந்தம்மா ரெண்டு தடவை படிச்சுட்டு, மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு என்னை நேராப் பாத்தாங்க.

"ஏனுங்க, இதுக்கு முந்தி எத்தனை ஊட்டுல தறியை நிறுத்தச் சொல்லி எழுதிப்போட்டீங்க? மொதல்ல அந்தப் புள்ளைங்களையெல்லாம் போய்ப் பாருங்க."