அண்ணனுக்குக் கிடைக்காத உபகாரச் சம்பளம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனுடைய ஒரே தங்கை எழுதுகிறேன். "நாலு பேர் இதைப் படிப்பாக. நல்லதா நாலு வார்த்தை எழுது, போதும்" என்றார்கள் என் வீட்டுக்காரர். நல்லது எழுதத்தான் உட்கார்ந்தேன். அழுகையும் ஆத்திரமும்தான் முந்திக்கொண்டு வருகின்றன. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் பட்டினி. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது அம்மா காய்ச்சலில் கிடந்து, வைத்தியம் பார்க்க வழியில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா கிணறுகூட இல்லாத துண்டு நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு எங்கள் இருவரையும் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து, ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எனக்குக் கோணல் வகிடு எடுத்துத் தலை பின்னிவிட்டது அண்ணன்தான். அப்போது அவர்களுக்கே ஏழு வயது.

பள்ளி இறுதிப் பரீட்சையில் அண்ணன் முதலாவதாகத் தேறினார்கள். தலைமையாசிரியரே முயற்சி எடுத்துப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் இல்லை. அதற்கு வருவாய் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து, ஏழைக் குடும்பம் என்று எழுதித் தர வேண்டும். ஒரு சொட்டு மை சிந்தியதற்காக அண்ணன் அந்த மனுவை மூன்று தரம் திருப்பி எழுதினார்கள். "ஏட்டி, நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன். அம்மா கிடந்த மாதிரி இனி எவளும் கிடக்கக்கூடாது" என்று என்னிடம் சொன்னார்கள். அவர்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

அதிகாரி முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருவார்? ராயகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலையாரியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நிலம் உண்டா, கிணறு உண்டா என்று எல்லார் முன்னாலும் உரக்கக் கேட்டார். அப்பா பாயைப் பார்த்தார்கள். அதிகாரியைப் பார்த்தார்கள்.

"கிணறு ரெண்டு இருக்கு. ஒண்ணு கோடையிலயும் வத்தாது. ஓடைக்கு அங்கன உள்ள கரிசல் பூரா நம்மதுதான். நமக்கு என்னய்யா குறைச்சல்?"

பாவி மனுஷா! கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி அண்ணனிடம் திரும்பினார்.

"மனுப் போட்டது நீதானே தம்பி? உங்க அப்பா சொல்லுதது சரிதானா?"

அண்ணன் நான் நின்ற கதவைப் பார்த்தார்கள். பிறகு, "சரிதான்யா" என்றார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து வந்தவர்கள் முன்னால் வைத்ததும் அண்ணன்தான்.

வசதியுள்ள குடும்பம் என்று மனு திரும்பி வந்தது. அண்ணன் தாலுகா ஆபீசுக்கு ஓடினார்கள். "உங்க அப்பா சொன்னாரு, நீயும் சரின்னே. இப்ப மாத்திச் சொன்னா எதை நம்ப?" என்றார்களாம். அப்பாவோ, மறு விசாரணை என்றால் ராயகிரி வரைக்கும் பேச்சுப் போகும், கல்யாணம் முடியட்டும் என்றார்கள். கல்யாணம் முடிந்தபோது கல்லூரியில் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. மறுவருடம் மறுபடி மனுப் போட்டார்கள். பழைய விசாரணைக் காகிதமே குறுக்கே வந்து நின்றது.

பிறகு பருத்தி அரைக்கும் ஆலையில் பொதிகளுக்கு நம்பர் போடும் வேலை. தெருவில் யார் வீட்டுப் பிள்ளை மேல்படிப்புக்கு மனுப் போட்டாலும் அண்ணன்தான் எழுதிக் கொடுப்பார்கள். "விசாரணை முடியுத மட்டும் வீட்டுக்கு விருந்தாளி யாரையும் கூப்பிடாதீய" என்று சொல்லி அனுப்புவார்கள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அண்ணன் சிரிக்கமாட்டார்கள். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா காலமான மறு வருடமே பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, முப்பது வயதுகூட ஆகாமல், இருமி இருமியே போனார்கள்.

கடைசி மாதத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கட்டிலருகே வந்து உட்கார்ந்த தலைமையாசிரியருக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும் என் நன்றி என்றும் உண்டு.

இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த சமயம், என் மாமியார் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள்: "உங்க அப்பா அன்னைக்கு அளந்ததை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது, மக்கா. ஒண்ணுமில்லாத வீடுன்னு உங்க ஊர்ல விசாரிச்சுட்டுத்தான் பொண்ணு பார்க்கவே வந்தோம். உன்னைப் பிடிச்சுப்போச்சு, வேற என்ன வேணும்?"

அத்தை நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அண்ணன் இருந்தவரை நான் இதை அவர்களிடம் சொல்லவில்லை. படிப்பைக் கொடுத்துத் தங்கைக்கு ஒரு வாழ்வு வாங்கிக் கொடுத்தோம் என்ற நினைப்பு ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம் இருந்தது. அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்?