மே மாதத்தில் ஹீட்டர்

இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டருகே வந்ததும் ஹீட்டரைத் திருகினேன். அப்பா விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் மே மாத வெயிலோடு அனலும் சேர்ந்துகொண்டது. சூடேறிய ரப்பரும் தூசியும் கலந்த வாசனை.

அந்த வாசனையில் எனக்கு ஐந்து வயதாகிவிட்டது. இதே கார், இதே பரமத்தி வேலூர் சாலை. நான் அம்மாவின் மடியில். சண்டை போட்டுவிட்டு அவளைப் பிறந்த வீட்டில் விடப் போன அப்பா, ஹீட்டரைத் திருகினார். அம்மாவின் தலையில் மல்லிகை சுருண்டது. வேகிற வெயிலில் இது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

"உங்கப்பனாட்டமே பண்றியே சாமி" என்றாள், இப்போது பக்கத்தில் இருந்த அம்மா. "என்னைய வேக வெக்கோணும்னே அன்னைக்குப் போட்டாரு."

"இல்லீங்மா, இது இஞ்சின் சூட்டை இழுத்துக்கும். முள்ளைப் பாருங்க, எறங்குது."

அம்மா முள்ளையே பார்த்தாள். "அப்ப அவருக்கு எம்மேல கோவமில்லியா சாமி?"

"இல்லீங்மா" என்றேன்.

ஆனால் அன்று மடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டு வந்ததும் அந்த முள்ளைத்தான். அப்பா ஹீட்டரைத் திருகியபோது அது பாதிகூட ஏறியிருக்கவில்லை.