பதினெட்டு டிகிரித் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்க வெறும் தண்ணீரை வளர்த்தோம். கேட்டால் சிரிப்பீர்கள். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அடியில் கொஞ்சம் மணல், கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டி ஒன்று. மற்றபடி தண்ணீர்தான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் எங்கள் வாசலில் எட்டிப் பார்த்து, "என்ன அம்மிணி, உள்ள ஒண்ணையுங் காணோம்?" என்பார்கள். "இன்னும் வரலைங்க" என்பேன். நாளுக்கு நாலு பேராவது கேட்பார்கள். நாளுக்கு நாலு தடவையும் எனக்கு எரிச்சலாக வரும்.

வர வேண்டியது ஓர் ஆக்ஸலாட்டல், தவளைக்குத் தூரத்துச் சொந்தமான, பல்லி மாதிரி ஒரு தண்ணீர்ப் பிராணி. அந்தப் பொங்கல் லீவில் மலைமேல் சித்திரபுரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, மின்சார வாரியத்தில் வேலை. அவருடைய பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மகன் அதற்கென்று பதிவுக் காகிதமெல்லாம் வாங்கி முறையாக வளர்த்து வந்தான். ரோஸ் நிறம். கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு இறகாகச் செவுள்கள். நாலு குட்டிக் கால்கள். வாய் எப்போதும் சிரித்தபடி இருந்தது. தவளைக் குஞ்சு வாலை விட்டுவிட்டுக் கரையேறிப் போகிற மாதிரி இது போகாதாம். சாகிற வரைக்கும் தண்ணீரிலேயே குட்டியாகவே இருந்துவிடுமாம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இதை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

மாமா சிரித்தார். சித்திரபுரத்தில் குழாயைத் திறந்தாலே கை விறைக்கும். எங்கள் மீனாட்சிபுரத்தில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் அப்படியே காப்பி கலக்கலாம். இந்தப் பிராணிக்கோ தண்ணீர் பதினெட்டு டிகிரியில் இருந்தாக வேண்டும். "உங்கூர்ல அது அரை நாள் தாங்காது கண்ணு" என்றார். நான் விடவில்லை. தினமும் அப்பாவின் போனில் கூப்பிட்டு அரித்தேன். கடைசியில் மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"மொதல்ல தண்ணியப் பழக்கு. அப்பறம் ஏழு நாளைக்கு அது பதினெட்டத் தாண்டாம நிக்கோணும். ஒரு நாளு தாண்டுனாலும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணோணும். ஏழு நாளு நின்னுருச்சுன்னா குட்டியோட வந்து நா உன்ற ஊட்டு வாசல்ல நிப்பேன். இது மாமன் வாக்கு."

தண்ணீரைப் பழக்குவது என்பது விளையாட்டில்லை. புதுத் தண்ணீரில் பிராணியை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்தக் கழிவைத் தின்கிற நுண்கிருமிகள் முதலில் தொட்டியில் குடியேற வேண்டும். அவற்றுக்குத் தீனியாக அம்மோனியா சொட்டுச் சொட்டாக விட வேண்டும். போனில் பார்த்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்களிடம் ஆறு மாடுகள். விடிகாலையில் எழுந்தால் பொழுது சாய்கிற வரை அப்பாவுக்கு மாட்டோடுதான் பேச்சு.

"அம்மோனியாவா? நம்ம கட்டுத்தரையில ஆறா ஓடுது, அதுக்குப் போயிக் கடைக்கு அலையறதா?" என்றவர், சொட்டாவது ஒன்றாவது, ஒரு சொம்பு கோமியத்தை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டார். வீட்டுக்கும் நல்லது என்று வேறு சொன்னார்.

மூன்றாம் நாள் தொட்டி கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சமைத்தாள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த அத்தை மட்டும், "ஊடே கோயிலாட்ட மணக்குது" என்று மெச்சினாள். கடைசியில் அத்தனையையும் வாளி வாளியாகத் தென்னைக்கு ஊற்றினோம். அந்தத் தென்னை அந்த வருடம் காய்த்த காய்ப்பை இன்றும் அப்பா பெருமையாகச் சொல்வார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக.

அதற்குப் பிறகு ஒரு மாதம். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து தொட்டியைப் பார்ப்பேன். பார்த்து என்ன? தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். அப்பா தினமும் சொசைட்டியிலிருந்து வந்ததும், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, "பாலு கலக்காத சுத்தமான தண்ணி" என்று சான்றிதழ் கொடுப்பார். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அம்மா ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கட்சி. "ஊட்டுல பல்லிக்கா பஞ்சம்? இதுல நீச்சல் பல்லி வேறயா?" என்பாள். தண்ணீர் ஒரு வழியாகப் பழகி, பதினெட்டு டிகிரிக் கணக்கு தொடங்கியதும் எங்களுக்குள் பிரிட்ஜை வைத்துச் சண்டை மூண்டது. ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகத் தொட்டியில் போட வேண்டும். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்ட வேண்டும். அப்பாவின் பால் தெர்மாமீட்டரால் பார்த்து, பழைய பால் நோட்டில் எழுத வேண்டும். நான் தயிர்ச் சட்டியை வெளியே எடுத்துப் பாட்டிலை வைப்பேன். அம்மா பாட்டிலை எடுத்துவிட்டுத் தயிரை வைப்பாள். இரண்டு பேரும் பிரிட்ஜ் கதவை அறைந்து சாத்துகிற சத்தம் கட்டுத்தரை வரைக்கும் கேட்கும்.

முதல் தடவை மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. தண்ணீர் இருபத்துநாலைத் தொட்டுவிட்டது. மறுபடியும் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று தாண்டிவிட்டது. நாலாம் நாள் காலையில் பாட்டிலைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவள், பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

நான் வயதுக்கு வந்திருந்தேன்.

அம்மா ஒரு நிமிடம் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அத்தை வந்து கையில் எடுத்துக்கொண்டாள். தவிட்டு மூட்டைகளைத் தள்ளிவிட்டுக் கடைசி அறையில் எனக்கு இடம். முறைப்படி தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் பேருக்கு இரண்டு தென்னங்கீற்றை வாசலில் சாய்த்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், குறுக்கே ஓர் உலக்கை. ஒன்பது நாளைக்கு அதைத் தாண்டக் கூடாது.

"தொட்டிக்குப் பாட்டில் போடோணுமுங்க அத்தை" என்றேன்.

"உலக்கையத் தாண்டுன, அப்பறம் பாத்துக்க."

"ஆராவது போடுங்க. இல்லீன்னா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணோணும்."

"பெரிய மனுசியாயிட்ட. இனி என்ன பல்லி கில்லின்னு?" என்று உளுந்தங்களியை உருட்டி என் வாயில் திணித்தாள் அத்தை.

அப்பாவைக் கூப்பிட்டேன். முந்தின நாள் வரை லாக்டோமீட்டரோடு என்னிடம் வம்பளந்துகொண்டிருந்தவர், இப்போது கடைசி அறைப் பக்கம் வரும்போதே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "உங்கம்மாட்டச் சொல்லு சாமி" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "ஊட்டுல ஒறம்பரை வந்தவண்ணமா இருக்குது, இதுல உன்ற தண்ணி ஒண்ணுதாங் கொறச்சல்" என்று எரிந்து விழுந்தாள்.

ஒன்பது நாள்! கூண்டில் அடைத்த எலி மாதிரி நாலு சுவருக்குள் நடந்தேன். ஜன்னல் வழியே வெயில் ஏறுவதைப் பார்ப்பேன். இப்போது இருபது இருக்கும், இப்போது இருபத்திரண்டு, இப்போது கிருமியெல்லாம் வெந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன். முன்னால் பிரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் ஓயாமல் கேட்கும். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மோரும் சர்பத்துமாகக் கொடுத்துக் குடிக்க வைக்கிறார்கள், என் பாட்டில்களை எடுத்து வெளியே எறிந்திருப்பார்கள் என்று வயிறு எரிந்தது. அத்தை துணைக்கு உட்கார்ந்து கதை சொல்வாள். இந்த மாதிரிச் சமயத்தில் யார் யாருக்கு என்ன சீர் வந்தது, எத்தனை தட்டு வந்தது என்று ஒரே கதை. "உங்கம்மாளுக்குச் சீரு செஞ்ச வருசந்தான் பள்ளிக்கோடத்துல இருந்து பேர எடுத்தாங்க. நல்லாப் படிக்குமாமா. டீச்சரு ரெண்டு தடவ ஊட்டுக்கே வந்து கேட்டாங்களாமா" என்றாள் ஒரு நாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்போது மத்தியானம் இரண்டு மணி. பாட்டில் மாற்றுகிற நேரம்.

ஒன்பதாம் நாள் மாமா சித்திரபுரத்திலிருந்து சீரோடு வந்து இறங்கினார். பட்டுப்பாவாடை, பழம், பூ, வெல்லம் என்று வரிசையாகத் தட்டுகள். அவற்றுக்கு நடுவே மூடி போட்ட ஒரு கூடை இருந்தது. குட்டி அதற்குள்தான் இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மஞ்சள் நீர் ஊற்றி, புடவை சுற்றி, என்னை நடுவில் உட்கார வைத்ததுமே கூடையை எட்டித் திறந்து பார்த்தேன். உள்ளே கண்ணாடி வளையல்கள். தேம்பித் தேம்பி அழுதேன். "அட, வெக்கத்தப் பாருங்க புள்ளைக்கு!" என்று பெண்களெல்லாம் சிரித்தார்கள். வெட்கமாம், வெட்கம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வளையல்களை அப்படியே கீழே போட்டு உடைத்திருப்பேன்.

சாமி கும்பிடுவதற்காக முன்னறைக்கு அழைத்துப் போனார்கள். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பார்த்துவிட்டேன்.

தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பனி பிடித்த பாட்டில் ஒன்று மிதந்தது. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு. பால் நோட்டு தொட்டி மூடிமேல் இருந்தது. நான் எழுதிய மூன்று நாளுக்குக் கீழே வேறொரு கையெழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக, குட்டிக் குட்டியாக. அம்மா எழுதியது என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது; அவள் கையெழுத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "மதியம் 2 மணி, 18. கரண்டு இல்லை. சாக்கு இரண்டு முறை நனைத்தேன். பக்கத்து வீட்டு பிரிட்ஜில் இரண்டு பாட்டில் வைத்தேன். 5 மணி, 17½." நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழோடு நிற்கவில்லை. பன்னிரண்டு வரைக்கும் ஒரு வேளை விடாமல் எழுதியிருந்தாள்.

மாமா வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அக்கா, நா சும்மா... இந்தூரு வெயில்ல ஆராலயும் முடியாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். புள்ள ரெண்டு நாளுல மறந்துருமேன்னு..." என்று இழுத்தார்.

"சொன்னியல்ல? கொண்டா" என்றாள் அம்மா. சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சபை நடுவே, தாய்மாமனை அதட்டினாள். "புள்ளைக்குக் குடுத்த வாக்கு. அதுவும் சீருதான்."

மாமா அந்த வாரமே மறுபடி வந்தார், தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி. காகிதமும் கையில் இருந்தது. விரல் நீளக் குட்டி. தொட்டியில் விட்டதும் நேராக உடைந்த பூந்தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தது. அப்பா லாக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டேன், "வந்துருச்சுங்க, வந்து பாருங்க!"

எல்லாரும் பார்த்துவிட்டுப் போன பிறகு அம்மா வந்தாள். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வேலை இல்லாமல் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது எப்பக் கண்ணு பெருசாவும்?"

"பெருசே ஆவாதும்மா. சாவற மட்டும் குட்டிதான்."

"ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அதப் போயி ஆரு என்ன சொல்லுவாங்க?"

அம்மா கண்ணாடியில் விரலை வைத்தாள். குட்டி மெதுவாக விரலை நோக்கி வந்தது.

"குடுத்து வெச்ச சீவன்" என்றாள்.

"ஆமாம்மா, இந்த வெயில்ல நம்ம ஊட்டுல இதுக்கு மட்டுந்தான ஐஸ் தண்ணி" என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் புதுக் கண்ணாடி வளையல்களை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளிவிட்டு, "போயிப் பாட்டில மாத்து, மணி ரெண்டாச்சு" என்றாள். நான் பிரிட்ஜுக்கு ஓடினேன். குடுத்து வெச்ச சீவன் என்று அவள் சொன்னது ஐஸ் தண்ணீரைத்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.